பாடபேதம்

இந்த வாரத்தில் இது மூன்றாவது கிடார்.
யார்க்டன் சுற்றுவட்டாரத்திலிருந்து பழையது எது வந்தாலும்
முதலில் நான்காம் கம்பிக்கு அடியில் பார்ப்பேன்.
மூன்றாவது ஃப்ரெட்டில்
(வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள்)
நகத்தால் கிள்ளியது போல் ஒரு பள்ளம்.

சி மேஜர் என்றால் அந்தக் கம்பியில் இரண்டாவது மெட்டு.
உலகம் முழுக்க அப்படித்தான்.

எறும்பூரக் கல்லும் தேயும், சரி.
எல்லாக் கல்லும் ஒரே இடத்தில் தேய்ந்தால்
எறும்பை விசாரிக்க வேண்டும்.

எறும்பின் பெயர் வெரா ஹிரின்சுக்.
தானியக் களஞ்சியத்தில் எடைபோட்டவரின் மகள்.
முப்பத்தாறில் வானொலிக்காரர்கள்
மாண்டலின் வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள்.
கிடாரோடு போய் நின்றாள்.
சனிக்கிழமை காலை ஆறேகால்,
கோதுமை விலை சொல்வதற்கு முன்னால் பதினைந்து நிமிடம்.
மாவு மில்லின் விளம்பரம்.
சம்பளம் பாதி பணம், பாதி மாவு.

நடன மண்டபங்களில் ஐந்து ஆண்களோடு வாசித்தாள்.
சுவரொட்டியில் ஐந்து பெயர், கடைசியில்
“மற்றும் ஒரு பெண்மணி.”
கூட்டம் ஆடியதெல்லாம்
அந்த மற்றும் வாசித்ததற்குத்தான்.

பிறகு தபால் பாடம்.
பன்னிரண்டு பாடம் ஒன்றரை டாலர்.
பனி வழியை மூடிய பண்ணை வீடுகளுக்கு
அவள் விரல்கள் ரயிலேறிப் போயின:
ஆறு கோடு, சில கறுப்புப் புள்ளிகள்,
கீழே அவள் கையெழுத்தில்
“வலிக்கும். நாளைக்கும் வலிக்கும். வையுங்கள்.”

மூன்றாம் பாடத்தில் அச்சகத்தான் கண்ணயர்ந்துவிட்டான்.
ஒரு புள்ளி ஒரு கட்டம் தள்ளி விழுந்தது.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்,
படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்போம்.
ஏடு கெட்டது உண்மை. எண்ணூற்று நாற்பது பிரதி.
பாட்டு கெடவில்லை.
தள்ளிப்போன புள்ளியில் அந்த சி மேஜர்
வாசல்வரை வந்துவிட்டு
பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று நிற்கும்
விருந்தாளி போல் ஆனது.

நான்கு மாதம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.
திருத்தச் சீட்டு அச்சடித்து அனுப்பினாள்,
தபால்தலை தன் செலவில்.
வானொலியில் மன்னிப்பும் கேட்டாள்.
கனோராவில் மாடு வைத்திருந்த ஒருத்தி பதில் போட்டாள்:
“சீட்டு கிடைத்தது. வாசித்துப் பார்த்தோம்.
பழையதே இருக்கட்டும்.”

என்னிடம் அவள் இசைத்தட்டு இரண்டு இருக்கிறது.
நாற்பத்தொன்றில் வந்ததில் விரல் சரியான மெட்டில்.
நாற்பத்தாறில் வந்ததில்
(ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டேன்)
தன் மாணவர்களைப் போல் வாசிக்கிறாள்.
தோற்றாளா, கற்றாளா?
கோபமாகக்கூட இருக்கலாம்,
அந்த இடத்தில் மட்டும் கம்பி கொஞ்சம் அதிகமாக அதிர்கிறது.

நம் புலவர்களாக இருந்தால்
அடிக்குறிப்பில் பாடபேதம் என்று போட்டுவிட்டு
எது மூலம் என்று மூன்று தலைமுறை சண்டை போடுவார்கள்.
எனக்கு அரம் இருக்கிறது.
மெட்டை ராவினேன், பள்ளத்தை நிரவினேன்.
வரியோடு தொண்ணூற்றாறு டாலர்.

கிடார்க்காரன் டைரல் ஒலெக்ஸின் லாரி ஓட்டுகிறான்.
வெராவின் பெயரைச் சொன்னேன், தோளைக் குலுக்கினான்.
கையுறையைக் கழற்றி, விரல் நுனிகளை ஊதி,
கடை நடுவில் நின்றபடியே ஒருமுறை மீட்டினான்.

விருந்தாளி வாசலில் வந்து நின்றார்.

“அது என்ன?” என்றேன்.
“சி” என்றான்,
எழுத்தறியாதவனைப் பார்ப்பது போல.